கொதிக்கும் டீயில் சாகாத நொதி

எனக்குப் பொறுமை கிடையாது. போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த ஒருத்தி இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இங்கே வெங்காயத்துக்கும் காத்திருக்க வேண்டும், கப்பலுக்கும் காத்திருக்க வேண்டும், கப்பலில் வரும் வெங்காயத்துக்குத் தனியாகக் காத்திருக்க வேண்டும். அப்படியும் எனக்குப் பொறுமை வரவில்லை. அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய் நொதிகளோடு வேலை பார்க்க விட்டார்கள்.

நான் வேலை பார்ப்பது ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில். இறால் ஓட்டில் ஒட்டியிருக்கும் புரதத்தை நீக்குவது எங்கள் வேலை. ஓட்டைச் சுத்தமாக்கிவிட்டால் அதிலிருந்து மருந்து, பூச்சு என்று என்னென்னவோ செய்யலாம். வழக்கமாக அதை எரிகாரத்தில் போட்டுக் கொதிக்கவைத்து, மிஞ்சிய தண்ணீரைக் கடலில் கொட்டுவார்கள். அந்த வேலையை ஒரு நொதியை வைத்துச் செய்துவிட்டால் கடல் பிழைக்கும். இதற்காகத்தான் இரண்டு வருடமாக இறால் நாற்றத்தோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் எனக்கு எப்போதும் ஜன்னலோர இடம் கிடைக்கும். பக்கத்து இடமும் காலியாகவே இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், இறால் ஓட்டைச் சூட்டில் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நொதி தொடங்குவதற்குள் ஓடு அழுகிவிடும். ஆனால் நொதியும் ஒரு புரதம்தான். சூடு ஏறினால் அதன் மடிப்பெல்லாம் கலைந்து, வெந்த முட்டை மாதிரி ஆகிவிடும். அப்புறம் அதை என்ன கெஞ்சினாலும் வேலை செய்யாது.

அதனால் நாங்கள் நொதியின் மரபணுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மாற்றம் செய்து, தீங்கில்லாத ஒரு பாக்டீரியாவுக்குள் அதைப் புகுத்தி, பால் பவுடர் கலந்த தட்டுகளில் வளர்ப்போம். நல்ல நொதி பாலின் புரதத்தைத் தின்றுவிடும். அந்தப் புள்ளியைச் சுற்றி வெளுப்பு போய், கண்ணாடி போல ஒரு வட்டம் தெரியும். பெரிய வட்டம் என்றால் சுறுசுறுப்பான நொதி. அதைத் தனியாக எடுத்துச் சூட்டில் வைத்துப் பார்ப்போம். செத்துவிடும். சூட்டைத் தாங்குகிற ஒன்று எப்போதாவது கிடைக்கும். அது வேலையே செய்யாது.

வீட்டிலும் எனக்கு இதேதான். அம்மா முதல் ரகம். ஒரே நேரத்தில் நாலு வேலை செய்வாள், கொஞ்சம் சூடானால் வீடு ரெண்டாகிவிடும். அப்பா ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகில் என்ஜின் பார்க்கிறார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். எந்தச் சூட்டிலும் அவருக்கு ஒன்றும் ஆகாது, எந்த வேலையும் நடக்காது. இரண்டு குணமும் ஒரே நொதியில் வேண்டும் என்று மெயின்லாண்டிலிருந்து, அதாவது கடலுக்கு அந்தப் பக்கத்து இந்தியாவிலிருந்து, திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் எதிர்பார்த்தார்கள். என் வீட்டைப் பார்த்திருந்தால் கொடுத்திருக்கமாட்டார்கள்.

அந்த வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், எங்கள் ஆய்வுக்கூடத்து ஃப்ரிட்ஜ் உயிரை விட்டது. பார்க்க வந்த மெக்கானிக் கதவைத் திறந்து, மூடி, "பார்ட் மெயின்லாண்ட் சே ஆயேகா" என்றார். பார்ட் மெயின்லாண்டிலிருந்து வர வேண்டுமாம். இந்த ஊரில் எது கெட்டுப்போனாலும் சொல்கிற வார்த்தை அது. அந்த வார்த்தையைக் கேட்டால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை, போய் டீ குடிப்பார்கள்.

எங்கள் மேடம், குடியேறிய வங்காளிக் குடும்பத்தில் இங்கேயே பிறந்தவர், தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு நொதி பாட்டில்களை எல்லோருக்கும் பங்கு போட்டார். நன்றாக வேலை செய்யும் நொதிகளைத் தன் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு எடுத்துக்கொண்டார். சோம்பேறிகள், சூட்டையும் தாங்காதவை என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த மூன்றை என்னிடம் நீட்டி, வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார்.

"யே தும் கர் லே ஜாவ். ஃப்ரிட்ஜ் ஹை நா?"

இருந்தது. எடுத்துப்போனேன். எங்களிடம் அப்போது நல்ல கண்ணாடி பாட்டில்களும் கிடையாது, அவையும் கடலில் எங்கோ வந்துகொண்டிருந்தன. அதனால் சுத்தம் செய்த தண்ணீர் பாட்டில்களில்தான் ஊற்றியிருந்தோம். வடிகட்டிய நொதி பார்ப்பதற்குப் பச்சைத் தண்ணீர் மாதிரியே இருக்கும். நான் முட்டாள் இல்லை. மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்தக் கவரின் மேல் "ஆபீஸ் சாமான், தொடாதே" என்று பெரிதாக எழுதி, அம்மாவிடம் வாயாலும் சொல்லித்தான் வைத்தேன்.

அம்மா பாட்டில்களைத் தொடவில்லை. கவரைத் தொட்டாள். தீவில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்ததிலிருந்து ஒரு நல்ல கவர் என்பது எங்கள் வீட்டில் தங்கம் மாதிரி. கடையில் தருவதில்லை. கப்பலேறி வருகிற சொந்தக்காரர்கள் கொண்டுவந்தால் உண்டு. அம்மா அதை எடுத்து, கழுவி, காயவைத்து, நாலாக மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டாள். நான் எழுதியதும் அதோடு மெத்தைக்கு அடியில் போய்விட்டது.

அடுத்த புதன்கிழமை எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். டாலிகஞ்சில் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் ஜெபமாலை சொல்லி, பைபிள் வாசித்து, டீ குடித்துக் கலைவார்கள். பெரும்பாலும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஆட்கள். ஜெபம் எப்படி இருந்தது என்று யாரும் பேசமாட்டார்கள், டீ எப்படி இருந்தது என்று ஒரு மாதம் பேசுவார்கள்.

அன்றைக்குப் பார்த்து எனக்கு மேடத்துடன் மீட்டிங். மெயின்லாண்டிலிருந்து எங்கள் திட்டத்தை மதிப்பிட ஒரு பெரிய பேராசிரியர் வரப்போகிறார் என்றும், சூட்டைத் தாங்கும் நொதி ஒன்றாவது காட்டாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள் என்றும் மேடம் சொன்னார். மூடினால் எனக்கு வேலை இல்லை. என் படிப்புக்கு இந்தத் தீவில் வேறு வேலையும் இல்லை. மெயின்லாண்ட் போக வேண்டும். கோயம்புத்தூரில் படித்த இரண்டு வருடமும் நான் எப்படி இருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். ராத்திரி கடல் சத்தம் கேட்காமல் படுத்தால் யாரோ என் காதைப் பொத்திக்கொண்டிருப்பது போல இருக்கும். எனக்கு இந்த ஊரை விட்டுப் போக விருப்பமில்லை. அவ்வளவுதான். அதற்குப் பெரிய காரணமெல்லாம் என்னிடம் கிடையாது.

அந்தக் கவலையோடு வீட்டுக்கு வந்தபோது கூட்டம் முடிந்து டீ ஓடிக்கொண்டிருந்தது. என் கையிலும் ஒரு டம்ளர் வந்தது. குடித்தேன். நாக்கு சுருண்டது. டீ தண்ணீராக, வெளிறிய மஞ்சள் நிறத்தில், மாத்திரையைக் கரைத்தது போலக் கசந்தது. அந்தக் கசப்பு எனக்குத் தெரியும். பாலின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டினால் அப்படித்தான் கசக்கும். அப்படி வெட்டுகிற ஆட்கள் மூன்று பேர் எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்தார்கள்.

அடுப்படிக்கு ஓடினேன். மூன்று பாட்டிலும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"எம்மா, இதுல இருந்த தண்ணி எங்க?"

"பால் பவுடர் கலக்குனேன். இன்னைக்குக் குழாயில எங்க வருது? நாளைக்குல்லா பானி வரும்."

கோடையில் எங்கள் பக்கம் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். அன்று மூன்றாம் நாள் இல்லை. இருபது பேருக்கு டீ என்றால் அம்மாவும் என்ன செய்வாள். பசும்பாலா இருக்கிறது இங்கே. எல்லாம் பவுடரைக் கரைத்துத்தான்.

"அது ஆபீஸ் சாமான்மா."

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "வெஷமாட்டி?"

"வெஷம் இல்ல. ஆனா..."

"பொறவு என்ன. வாய மூடிட்டு இரி."

அதற்குள் முன்னறையில் எங்கள் அன்பியத் தலைவி டம்ளரை எட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா அவர், எதையும் சும்மா விடமாட்டார். "என்னக்கா, டீ ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள். அப்பா மட்டும் இரண்டாவது டம்ளரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

அம்மா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றாள். "தவக்காலம்லா. ஆண்டவருக்கு சிலுவையில காடியக் குடுத்தானுவ. நமக்கு மட்டும் இனிப்பா எதுக்குன்னு தோணிச்சி" என்றாள்.

படித்த பெண் நான், நாலு வரி யோசித்துப் பேசுவதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அம்மா தவக்காலத்தில், மாதா சொரூபத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, கண் இமைக்காமல் இப்படி ஒரு புளுகு புளுகினாள். தலைவியின் கண் கலங்கிவிட்டது. இருபது பேரும் கடைசிச் சொட்டு வரை குடித்தார்கள். சிலர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு குடித்தார்கள்.

அன்று ராத்திரி இருபது பேரின் வயிற்றையும் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்த நொதி வயிற்றுக்குள் போனால் மற்ற புரதம் மாதிரிச் செரித்துவிடும், பயமில்லை என்று அறிவுக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியுமா? மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் வீடுவீடாக எட்டிப் பார்த்து நலம் விசாரித்தேன். எல்லோரும் நன்றாகவே இருந்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியப்பா மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பல வருடமாகத் தன்னைப் படுத்தி வந்த மலச்சிக்கல் அன்று காலை அருளால் விலகியதாகச் சொல்லி, டீயில் என்ன போட்டீர்கள் என்று கேட்டார். ஜெபம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரக் கூட்டம் தலைவியின் வீட்டில். அவர் பாகற்காய் ஜூஸ் கொடுத்தார். அதற்கு அடுத்த வீட்டுக்காரர்கள் அவருக்குச் சளைக்கவில்லை, நிலவேம்புக் கஷாயம் வந்தது. அதற்கும் அடுத்த வீட்டுக்காரர்கள் வேப்பிலையை அரைத்தே உருட்டிவிட்டார்கள். குழந்தைகள் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டன. பங்குச் சாமியார் பூசையில் எங்கள் அன்பியத்தின் ஒறுத்தலைப் பாராட்டிப் பேசினார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு அடக்கமாகக் கேட்டாள். அடக்கத்தில் பாதி சிரிப்பு.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, வேறொரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. கூட்டம் முடிந்த மறுநாள் சாயங்காலமே அம்மாவிடம் குறுக்கு விசாரணை நடத்தியிருந்தேன்.

"டீய கொதிக்க வச்சியா?"

"கொதிக்க வைக்காம? பொங்கி அடுப்புல ஊத்திச்சி."

"அப்போ எப்படி இருந்திச்சி?"

"டீ மாதிரிதான். கெட்டியா, நல்லா. நாக்குல விட்டுப் பாத்துட்டுத்தான் பிளாஸ்குல ஊத்துனேன். பொறவு ஜெபமால, வாசகம், அந்தத் தலைவி வெளக்கம் சொல்லுதேன்னு ஒரு மணி நேரம். ஊத்திப் பாத்தா இப்பிடி."

டீ கொதித்தபோது நன்றாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு, கைவைக்க முடியாத சூட்டில், பிளாஸ்குக்குள்தான் கெட்டுப்போயிருக்கிறது. அப்படியானால் அந்த மூன்றில் ஒன்றாவது கொதித்தும் சாகவில்லை. பிழைத்தது மட்டுமில்லை, பிளாஸ்குக்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாலை வெட்டித் தள்ளியிருக்கிறது. அதையா நாங்கள் சோம்பேறி என்று ஒதுக்கி வைத்தோம்?

"ஜெபத்தோட பலன்" என்றாள் அம்மா. நான் அவளோடு சண்டைக்குப் போகவில்லை. அன்றைக்கு எனக்கு நேரமில்லை.

மூன்றின் விதையும், அதாவது அவற்றைச் சுரக்கும் பாக்டீரியாவும், ஆய்வுக்கூடத்தில் தனி ஃப்ரீசரில் பத்திரமாக இருந்தது. திரும்ப வளர்த்து, வடிகட்டி, சூட்டில் வைத்தேன். மூன்றும் செத்துவிட்டன. இன்னொரு முறை வைத்தேன். இன்னொரு முறை செத்தன. எனக்கு வந்த கோபத்தில் ஒரு பைப்பெட்டை மேஜையில் ஓங்கி அடித்தேன். மேடம் அடுத்த அறையிலிருந்து, "வோ பீ மெயின்லாண்ட் சே ஆயா ஹை" என்று குரல் கொடுத்தார். அதுவும் மெயின்லாண்டிலிருந்து வந்ததுதான், உடைத்துவிடாதே என்று அர்த்தம்.

டீயில் பிழைத்தது, ஆய்வுக்கூடத்தில் ஏன் சாகிறது? டீயில் இருந்து இங்கே இல்லாதது எது? சர்க்கரை, தேயிலை, இஞ்சி, பால், ஜெபம். கடைசி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கடையில் வாங்கிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றாகச் சேர்த்து, நொதியோடு சூடாக்கி, பால் தட்டில் விட்டுப் பார்க்கத் தொடங்கினேன். ஆய்வுக்கூடம் முழுக்க இஞ்சி டீ வாசனை. பக்கத்துக் கட்டிடத்து ஆட்கள் கப்போடு வந்து வரிசையில் நின்றார்கள். இது டீ இல்லை, பரிசோதனை என்று ஹிந்தியில் விளக்கி விளக்கி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒருவர் மட்டும் கேட்காமல் ஊற்றிக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார்.

சர்க்கரை காப்பாற்றவில்லை. தேயிலையும் இஞ்சியும் கிட்டவே வரவில்லை. பால் சேர்த்ததில் ஒன்றே ஒன்று, இரண்டாம் பாட்டில் நொதி, கொதித்த பிறகும் தட்டில் ஒரு வட்டம் போட்டது. கண்ணாடி போல, சுத்தமான வட்டம். நான் அந்தத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மேடம் வந்து பார்த்தார். அவரும் நின்றார்.

பிறகு விஷயம் பிடிபட்டது. பாலில் கால்சியம் இருக்கிறது. இந்த மாதிரி நொதிகளுக்கு உடம்பில் ஓரிடத்தில் கால்சியம் உட்கார்ந்தால் மடிப்பு இறுகும். நாங்கள் இரண்டு வருடமாக எல்லா நொதியையும் சூடாக்கிக்கொண்டிருந்த பாஸ்பேட் கரைசல், இருக்கிற கொஞ்சநஞ்ச கால்சியத்தையும் பிடுங்கிக்கொள்கிற ரகம். இரண்டாம் பாட்டிலில் இருந்த மாற்றம் சரியாக அந்தக் கால்சியம் உட்காருகிற இடத்தில் விழுந்திருந்தது. உட்காரப் பலகை போட்டுவிட்டு, விருந்தாளியை வாசலிலேயே மடக்கி அனுப்பியிருக்கிறோம். கரைசலை மாற்றி, கால்சியம் உப்பைச் சேர்த்ததும் அந்தச் சோம்பேறி எழுந்து, சூடான தொட்டியில் இறால் ஓட்டைப் பளிங்கு மாதிரி சுத்தம் செய்து காட்டியது. மேடம் என்னைக் கட்டிப்பிடித்தார். என் மேல் இறால் நாற்றம் இருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை, அவர் மேலும் இருந்தது.

பேராசிரியர் வந்தார். வெயிலில் சிவந்துபோன, அவசரத்தில் இருக்கிற மனிதர். படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, "நொதியைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவைக்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேடம் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். கவர், மெத்தை, குழாயில் தண்ணீர் வராதது, இருபது பேர், ஒரு பெரியப்பாவின் மலச்சிக்கல் எல்லாம் என் தொண்டை வரைக்கும் வந்து நின்றன.

"சமூக மட்டத்தில் ஒரு முன்னோட்டம் செய்து பார்த்தோம் சார்" என்றேன். அவர் மிகவும் மதிப்போடு தலையாட்டினார். அப்போதுதான் நானும் என் அம்மாவின் மகள்தான் என்று தெரிந்துகொண்டேன்.

திட்டம் நீட்டிக்கப்பட்டது. ஈஸ்டர் முடிந்த வாரத்தில் செய்தி வந்தது. எனக்கு வேலை இருக்கிறது, இங்கேயே இருக்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன்.

அம்மா பின்பக்கம் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். சொன்னேன். அவள் அரிவாள்மணையில் இருந்து கையை எடுத்துவிட்டு அப்படியே இருந்தாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"ஏம்மா, ஒனக்கு சந்தோசம் இல்லையா?"

"தவக்காலம் பூரா அன்பியத்துல என்ன கேட்டு ஜெபிச்சோம்னு தெரியுமாட்டி ஒனக்கு?"

தெரியாது என்றேன்.

"ஒனக்கு மெயின்லாண்டுல நல்ல வேல கெடைக்கணும்னு. நாந்தான் கேக்கச் சொன்னேன். இருவது பேரு, எல்லா வீட்டுலயும்."

எனக்கு வழக்கம்போலக் கோபம் முந்திக்கொண்டது. "என்னயக் கப்பலேத்தி அனுப்பத்தான் இருபது பேரும் வேப்பெல தின்னீங்களா?"

"இங்க என்ன இருக்கு? கரண்டு இல்ல, தண்ணி இல்ல, ஒரு ஃப்ரிட்ஜு கெட்டா கப்பல் வரணும். நீ படிச்ச படிப்புக்கு இங்கயே கெடன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?" அம்மா மீனைத் திருப்பிப் போட்டாள். அரியவில்லை. "வாயால அப்பிடித்தான் கேட்டேன். ஒவ்வொரு தடவ கேட்டு முடிச்சதும், மாதாவே, இத மட்டும் காதுல போட்டுக்காதேயும்னு உள்ளுக்குள்ள சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

நான் அவள் பக்கத்தில், செதில் சிதறிக்கிடந்த தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அழுதேன். அம்மா மீன் கையோடு என்னைத் தொடாமல் முழங்கையால் இடித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கு வேறு கவலை வந்துவிட்டது. "அந்த இருவது பேருட்டயும் இப்போ என்ன சொல்ல? அவ்வளவு கசப்பையும் குடிச்சாவளே. மெயின்லாண்டு வேல கெடைக்கலன்னுதான் சொல்லணும்."

அப்படியேதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அன்பியம் மொத்தமும் எங்கள் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்தது. மனசை விட்டுவிடாதே, அடுத்த வருடம் கிடைக்கும் என்று தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு சரி சரி என்றேன். எதிரே அம்மா, முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள முடியாமல், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழுகிறாள் என்று நினைத்து நாலு பேர் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.